எச்சிற் கிளாசும் எமது கௌரவமும்

உத்தியோகம் என்னும் சொல்லுக்கு யாழ்ப்பாணத்தில் வழங்கும் பொருள் எந்த அகராதியிலும் அகப்படாது. அது பிழைப்புக்கான தொழில் மட்டுமன்று. சீதனப் பேச்சில் அது எடைக்கல். திருவிழாவில் அது முன்வரிசை. செத்த வீட்டில் அது ஒரு கதிரை. 60 வயதில் அரசாங்கம் அந்த உத்தியோகத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டாலும் அதன் நிழல் மனிதனை விட்டு விலகுவதில்லை. இளைப்பாறியவர் சாய்மனைக் கதிரையிற் சாய்ந்து பத்திரிகையை முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசிக்க வேண்டும். பேரப்பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளிகளை விசாரிக்க வேண்டும். ஆலய பரிபாலன சபையில் ஏதேனும் ஒரு வழக்கைக் கிளப்பிக்கொண்டிருக்க வேண்டும். இவற்றைச் செய்தால் அவர் மரியாதையுள்ள மனிதர்.

நாம் 35 ஆண்டுகள் பாடசாலைகளில் தமிழும் கணிதமும் கற்பித்து 2021ஆம் ஆண்டில் இளைப்பாறினோம். இப்பொழுது கொடிகாமம் சந்தைக்கு அண்மையிலுள்ள ஒரு தேநீர்க் கடையிலே, காலை 5 மணி தொடக்கம் 10 மணிவரை, தேநீர் பரிமாறுகிறோம், மேசை துடைக்கிறோம், குடித்துவிட்டு வைத்த கிளாசுகளைக் கழுவுகிறோம். இச்செய்தி ஊரிற் பரவிய நாள் தொடக்கம் எம்மீது சிலர் காட்டும் அனுதாபத்தைக் காணும்போது, எமக்கு ஏதோ தீராத வியாதி கண்டுவிட்டது போலத் தோன்றும்.

கொடிகாமத்தை அறியாத வாசகருக்காக இரண்டு வார்த்தை. தென்மராட்சியின் மண் மணல் கலந்தது. தென்னையும் மாவும் பலாவும் அதிலே செழித்து வளரும். அந்த விளைபொருளெல்லாம் வந்து குவியும் இடம் கொடிகாமம் சந்தை. கண்டி வீதியும், வரணியூடாகப் பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியும் இங்கே சந்திக்கின்றன. புகையிரத நிலையமும் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் பருத்தித்துறைக்கும் கொடிகாமத்துக்குமிடையே ஓடிய தட்டிவான்கள் வடமராட்சியாரின் நினைவிலும் தென்மராட்சியாரின் நினைவிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மரத்தினாற் கட்டிய உடல். பின்புறம் இறக்கிவிடும் தட்டி. உள்ளே ஆள்களும் தேங்காயும் பலாப்பழமும் மீன் கூடையும் ஒன்றாக. சாதி பார்த்து ஆசனம் ஒதுக்குவதற்கு அந்த வண்டியில் இடமே இல்லை. அதனாலேயே அது எமக்குப் பிடித்த வண்டி.

இந்த ஊர் பட்டவையும் கொஞ்சமல்ல. 1990ஆம் ஆண்டில் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதம் 2014 ஒக்டோபரிலேதான் மறுபடியும் இவ்வழியாக யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. இடையிலே, 1995 ஒக்டோபர் 30ஆம் நாள், வலிகாமத்து மக்கள் இரவோடிரவாகப் பெயர்ந்து மழைக்குள் தென்மராட்சிக்கு வந்து சேர்ந்தார்கள். பாடசாலை, கோயில், மரநிழல் எல்லாம் மனிதர். அந்நாட்களில் ஆசிரியர்களாகிய நாம் கஞ்சி வாளி தூக்கினோம். சிரட்டையிலும் பேணியிலும் வார்த்துக் கொடுத்தோம். அன்று எவரும், “மாஸ்டர், உங்களுக்கேன் இந்த வேலை?” என்று கேட்கவில்லை. அனர்த்த காலத்திற் செய்தால் அது தருமம். சாதாரண காலத்தில் கூலி வாங்கிச் செய்தால் அதுவே இழிவு! இந்த நியாயத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எமக்கு நெடுநாளாக உண்டு.

ஆயினும் நாம் கடைக்குப் போனது தத்துவ விசாரத்துக்காக அன்று. 2022ஆம் ஆண்டை இந்நாட்டில் எவரும் மறக்க முடியாது. பாண், மா, மருந்து, மண்ணெண்ணெய் என்று எதற்கெடுத்தாலும் வரிசை. பணவீக்கம் அவ்வாண்டு செப்டெம்பரில் 70 வீதத்தைத் தொட்டது. மாதம் பிறந்தால் தவறாமல் வரும் ஓய்வூதியம் தவறாமல் வந்தது. ஆனால் அது வாங்கும் பொருள் பாதியாகியிருந்தது. மார்ச்சு மாதத்தில் ஒரு பாற்றேநீரின் விலை 100 ரூபா என்று உணவகச் சங்கத்தார் அறிவித்தார்கள். பால்மா கிடையாமையால் பல கடைகளில் பாற்றேநீரே இல்லாமற் போயிற்று. எரிவாயு கிடையாமையால் அடுப்புகள் விறகுக்குத் திரும்பின. பென்னை நம்பியிருந்த கை விறகை நம்பும் காலம் வந்துவிட்டது என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அது அவ்வளவு வேடிக்கையுமன்று.

அவ்வருடக் கடைசியில், நாம் வழமையாகத் தேநீர் குடிக்கும் கடையில் வேலை செய்த ஒருவர் வெளிநாடு போனார். இடம் காலியாக இருந்தது. இரண்டு கிழமையாக ஆள் கிடைக்கவில்லை. நாம் கேட்டோம். முதலாளி முதலில் சிரித்தார். பிறகு எமது முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

“சேர் பகிடி விடுறியள் எண்டு நினைச்சன். உங்களுக்குப் பென்சன் இருக்குத்தானே. சும்மா வந்து இருங்கோ, ஏதோ தாறன்.”

இந்த ‘ஏதோ’வை நாம் ஏற்கவில்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இக்கட்டுரையை வாசிக்கும் இடதுசாரி நண்பர் ஒருவர் இந்நேரம் புருவத்தை நெரித்திருப்பார். ஓய்வூதியம் உள்ளவன் வேலைக்குப் போவது இளைஞனின் சோற்றிற் கைவைப்பதல்லவா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. ஓய்வூதியக்காரன் குறைந்த கூலிக்கு இசைந்தால், அந்தக் குறைந்த கூலியே நாளை அனைவருக்கும் கூலியாகும். வயிற்றுக்குக் கவலையில்லாதவன் காட்டும் தாராளம் வயிற்றுக்காக உழைப்பவனின் கழுத்தைச் சுற்றும் கயிறு. ஆகவே மூன்று விடயங்களைச் சொன்னோம். மற்ற வேலையாளுக்கு மணித்தியாலத்துக்கு என்ன கணக்கோ அதே கணக்கு எமக்கும். ஒரு சதமேனும் குறையக் கூடாது. முழுநாள் வேலைக்கு இளைஞர் ஒருவர் வந்தால் நாம் விலகிவிடுவோம். கிழமையில் ஒரு நாள் விடுமுறை, எமக்கு மட்டுமன்று, எல்லாருக்கும். முதலாளி கணக்கைப் பார்த்தார், எம்மைப் பார்த்தார், “வாத்தியார் சங்கம் வைக்கத்தான் வாறியள் போல” என்றார். ஆனால் ஒப்புக்கொண்டார்.

இனி வேலையைப் பற்றி. எளிய வேலை என்கிறார்கள். எளிய வேலை என்று ஒன்று உண்டா என்பதே எமக்கு இப்பொழுது சந்தேகம். தேநீர் போடும் தம்பிக்கு 24 வயது, க. பொ. த. சாதாரண தரத்துடன் படிப்பை நிறுத்தியவர். அவர்தாம் எமக்கு ஆசான். கொதித்துக் கொதித்து ஆறிய நீரில் தேயிலை போட்டால் சாயம் இறங்கும், மணம் வராது. நீர் புதிதாகக் கொதிக்கும் கணத்திலே வடிக்குள் வார்க்க வேண்டும். கிளாசை வெந்நீரில் அலசி எடுத்தாற்றான் தேநீர் வாய்வரை சூடாக இருக்கும். ஆற்றுவது அழகுக்காக அன்று. சீனி கரையவும், சூடு நாக்குப் பொறுக்கும் அளவுக்கு இறங்கவும், நுரை எழவும் அது வேண்டும். கை உயர்ந்து தாழும் தூரத்தை அவர் அளப்பதில்லை. ஆனால் ஒருநாளும் ஒரு துளி சிந்தியதில்லை. இதனை நாம் கணித ஆசிரியர் என்ற முறையிற் பாராட்டுகிறோம்.

பரிமாறுவதிலும் நுட்பம் உண்டு. பருத்தித்துறை பஸ் சாரதிக்கு நான்கு நிமிடம்தான் அவகாசம். அவர் வாசலில் தலை காட்டும்போதே கிளாஸ் மேசைக்கு வந்துவிட வேண்டும். தேங்காய் உரிப்பவருக்குச் சாயம் கடுமையாக, சீனி நிறைய. மாம்பழ வியாபாரிக்குப் பால் குறைய. நீரிழிவுக்காரருக்குச் சீனியில்லாத வெறுந்தேநீரும் கையில் ஒரு சிறு துண்டு பனங்கட்டியும். வைத்தியர் அனுமதித்தாரா என்பது எமக்கும் அவருக்குமிடையிலான தகராறு. அதிகாலையில் பேசுபவர், பேசாதவர், பேசினாற் கோபிப்பவர் என்று மூவகையினர். வகுப்பறையில் 40 பிள்ளைகளின் பெயரையும் முகத்தையும் குடும்ப நிலைமையையும் முதல் மாதத்திலேயே மனத்திற் பதித்துக்கொள்ளும் பழக்கம் எமக்கு இருந்தது. அந்தப் பழக்கம் இங்கே நன்றாக உதவிற்று. ஆறு மாதத்தில், எவரும் வாய் திறந்து கேட்க வேண்டிய தேவை அநேகமாக இல்லாமற் போயிற்று. சந்தைக்காரர் சிலர் வேறு கடையைத் தாண்டி எமது கடைக்கு வரத் தொடங்கினார்கள். முதலாளி இதனைக் கவனித்தார் என்பது எமக்குத் தெரியும். நாமும் அவருக்கு அதனை அவ்வப்போது நினைவூட்டினோம்.

தமிழகத்துத் தேநீர்க் கடைகளிலே தேநீர் போடுபவரை ‘மாஸ்டர்’ என்று அழைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் அது ஆசிரியரின் பட்டம். சந்தைக்குள்ளிருந்து “மாஸ்டர், மூண்டு பிளேன்ரீ” என்ற குரல் வரும்போது எந்த நாட்டு வழக்கில் எம்மை அழைக்கிறார்கள் என்று நாம் ஆராய்வதில்லை.

வீட்டில் எதிர்ப்பு இருக்கவில்லை. எமது மனைவி ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: “கலியாணம் முடிச்ச நாளையிலயிருந்து நானும் தேத்தண்ணிதான் ஆத்துறன். எனக்கு எப்ப பென்சன்?” பெண்களின் ஊழியத்துக்கு இளைப்பாறும் வயதை எந்த அரசாங்கமும் இதுவரை விதிக்கவில்லை. 1889ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பிஸ்மார்க் முதுமை ஓய்வூதியச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது 70 வயதென்று வரம்பு வைத்தார். தொழிலாளரில் பலர் அவ்வயதைக் காணாமலே மாண்டார்கள். அடுப்படியில் நிற்பவருக்கு அந்த 70உம் இல்லை. இப்பொழுது பிற்பகற் தேநீர் எமது பொறுப்பு. தம்பியிடம் கற்றது வீட்டுக்கும் பயன்படுகிறது.

உறவினர்தாம் பொறுக்கவில்லை. எமது குடும்பத்துப் பெரியவர் ஒருவர் வந்து, கேற்றடியிலேயே நின்றுகொண்டு சொன்னார்: “தேத்தண்ணி குடுக்கிறது ஒருபக்கம் இருக்கட்டும். ஆர் ஆற்றையோ எச்சில் கிளாசைக் கழுவுறியாமே? எங்கடை ஆக்கள் செய்யிற வேலையோ அது?”

இங்கேதான் வேர் அகப்பட்டது. உத்தியோகத்தின் கௌரவம் என்று நாம் இதுவரை பேசியதெல்லாம் மேற்பூச்சு. உள்ளே இருப்பது சாதி. யார் வைத்த கிளாசை யார் தொடுவது என்பதே கேள்வி. யாழ்ப்பாணத்தின் வரலாற்றில் தேநீர்க் கிளாஸ் சாதாரணப் பாத்திரமன்று. 1930ஆம் ஆண்டளவில் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் அமர வேண்டுமென்று விதி வந்தபோது பாடசாலைகளுக்கே தீ வைத்த சமூகம் இது. அதே காலத்தில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசார் சமபந்தி போசனம் நடத்தினார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. தீ வைத்தவரும் இந்த மண்ணினரே, பந்தி விரித்தவரும் இந்த மண்ணினரே. பின்னர் 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறிற்று. சட்டம் கொழும்பில் நிறைவேறிய பின்னரும், யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வேறு பாத்திரம், வேறு இடம், அல்லது வாசலோடு சரி. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தைத் தொடர்ந்து, கோயில் வாசல்களிலும் தேநீர்க் கடை வாசல்களிலும் போராட்டம் நடந்தது. அடிபட்டார்கள், உயிர் கொடுத்தார்கள். உள்ளே சென்று கதிரையில் அமர்ந்து எல்லாரும் குடிக்கும் கிளாசில் ஒரு தேநீர் குடிப்பதற்காக மனிதர் உயிர் கொடுத்த நாடு இது.

இதனைப் பாடசாலையில் சமூகக்கல்வி ஆசிரியர் படிப்பித்தாரோ இல்லையோ, எமக்குக் கடை படிப்பித்தது. 80 வயதை நெருங்கிய முதியவர் ஒருவர் சந்தை நாட்களில் வருவார். பாயும் கடகமும் கொண்டுவந்து விற்பவர். மூலை மேசையில் அமர்ந்து வெறுந்தேநீர் குடிப்பார். குடித்து முடிந்ததும் எழுந்து, தமது கிளாசைத் தாமே எடுத்துக்கொண்டு பின்புறம் சென்று, குழாயடியிற் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் காசு தருவார். முதல் நாள் அதனை அவருடைய சுத்தப் பழக்கம் என்றே எண்ணத் தோன்றும். இரண்டாம் முறை அவர் கையை நீட்டும் விதத்தைப் பார்த்தபோது விளங்கிற்று. இது வாலிப வயதிற் கற்பிக்கப்பட்ட பாடம். உன் கிளாசை நீயே கழுவு என்று எந்தக் கடைக்காரனோ ஒருநாள் சொன்னான், அவன் இறந்திருப்பான், கடையும் இருந்திருக்காது, சட்டம் மாறி, யுத்தம் வந்து, ஊரே இரண்டு முறை இடம்பெயர்ந்து திரும்பிவிட்டது. கை மட்டும் இன்னும் கழுவிக்கொண்டிருந்தது.

அடுத்த சந்தை நாளில் அவர் எழுமுன்னரே நாம் கிளாசை எடுத்தோம். அவர் எமது கையைப் பிடித்துக்கொண்டார்.

“விடுங்கோ வாத்தியார். நான் கழுவிறன்.”

“அது என்ரை வேலை, அப்பு. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.”

“வாத்தியார் கழுவக் கூடாது.”

“நீங்களும் கழுவக் கூடாது. நீங்கள் காசு குடுத்துக் குடிக்க வந்தனீங்கள்.”

கடையில் ஆறேழு பேர் இருந்தார்கள். பேச்சு நின்றுவிட்டது. அவர் சிறிது நேரம் எமது கையைப் பிடித்தபடியே நின்றார், பின்னர் விட்டார். நாம் கழுவினோம். அதன்பின் நான்கைந்து சந்தை நாட்கள்வரை அவர் எழும்போது கை கிளாசை நோக்கிப் போகும், திரும்பும். இப்பொழுது போவதில்லை. குடித்துவிட்டு, கிளாசை மேசையிலே விட்டுவிட்டு, மடியிலிருந்து காசை எடுக்கிறார். சில நாளில் சாயம் போதாது என்று குறையும் சொல்கிறார்.

இது பெரிய புரட்சி என்று நாம் மயங்கவில்லை. 35 ஆண்டுகள் கரும்பலகையின் முன்னே நின்று சமத்துவம் என்ற சொல்லை எழுதிய எமக்கு, அந்தச் சொல்லின் பாரம் எவ்வளவு என்பது ஒரு கிளாசின் அளவிலே தெரிந்தது, அவ்வளவுதான்.

உறவினருக்கு விடையாக இரண்டு மனிதரைச் சொன்னோம். ஒருவர் டொமினிக் ஜீவா. முடிதிருத்தும் தொழிலை மறைக்காதவர். 1961இல் தமது சிறுகதைத் தொகுதிக்காகச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றவர். 1966இல் மல்லிகையைத் தொடங்கி, சலூனிலிருந்தே பத்திரிகாசிரியராக இயங்கியவர். இதழைத் தாமே சுமந்து கொண்டுபோய் விற்றவர். மற்றவர் தமிழகத்து நெல்லைச் சீமையைச் சேர்ந்த பாலம் கலியாணசுந்தரம். ஸ்ரீவைகுண்டத்துக் கல்லூரியில் 30 ஆண்டுகளுக்கு மேலாக நூலகராகப் பணி புரிந்தார். சம்பளத்தை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கே கொடுத்துவிட்டு, தமது சாப்பாட்டுக்காக உணவுச்சாலையிற் பரிமாறும் வேலையையும் செய்தார். 1998இல் ‘பாலம்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார்; 2023இல் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. நூலியலில் உயர்கல்வி பெற்ற ஒருவர் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கினார். அவருடைய படிப்பு அதனாற் குறைந்துபோகவில்லை. இவரைப் போலத் துறவியாக வாழ எம்மால் இயலாது. பிள்ளைகளின் கல்வி ஒரு நூலகரின் பட்டினியை நம்பி நிற்கக் கூடாது, அது அரசின் கடமை என்பதும் எமது கட்சி. ஆனாலும் பரிமாறுவதை இழிவென்று எண்ணாத அந்த மனத்தை வணங்குகிறோம்.

ஆனால், நண்பரே, இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. சிறு வேலையில் நிறைவு கண்ட பெரியவர்களின் கதைகளை முதலாளி வர்க்கம் மிகவும் விரும்பும். “பார், அவர் எவ்வளவு சந்தோஷமாகச் செய்கிறார்! நீ மட்டும் ஏன் முணுமுணுக்கிறாய்?” என்று தொழிலாளியைக் கேட்பதற்கு அவை உதவும். எமக்குக் கிளாஸ் கழுவுவதில் நிறைவு உண்டு. ஏனெனில் மாதக் கடைசியில் எமக்கு ஓய்வூதியமும் உண்டு. விரும்பிய நாளில் நாம் விலகலாம். பக்கத்திற் நிற்கும் தம்பிக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. வடபகுதியிற் புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கிய பின், கடவைகளிற் காவல் நின்றவர்கள் நாளுக்கு 250 ரூபா கூலிக்கு உயிர் காத்தார்கள். அவர்களிடம் நிறைவைப் பற்றிப் பேசினால் எம்மை எந்த வார்த்தையால் ஏசியிருப்பார்களோ! நாம் ஆற்றும் தேயிலையைப் பறிப்பவர் யார்? 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகள். நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வேண்டுமென்று பல ஆண்டுகள் கேட்டு, 2021இலேதான் அதனைப் பெற்றார்கள். மறு ஆண்டே பணவீக்கம் அதனை விழுங்கிற்று. மலையில் ஒருத்தி குளிரில் நின்று பறிக்காவிட்டால் கொடிகாமத்தில் எமது கைத்திறனுக்கு வேலையே இல்லை.

ஆகையால் கடையில் மற்றொரு வேலையையும் தொடங்கினோம். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வேலைநேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று வரையறுத்திருக்கிறது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 வீதமும் முதலாளியிடமிருந்து 12 வீதமும் நிதிக்குச் செல்ல வேண்டும். தம்பி இவற்றைக் கேள்விப்பட்டிருந்தார்; அவை அரசாங்க உத்தியோகத்தருக்கு உரியவை என்றே நினைத்திருந்தார். பத்து மணிக்கு வேலை முடிந்ததும், பின்புற வாங்கிலிருந்து, ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் அவருடைய நான்கு ஆண்டுக் கணக்கை இருவரும் எழுதினோம். வீதம் கணிப்பதில் அவர் திறமையானவர். பாடசாலையில் எவரும் அவரிடம் அவருடைய சொந்தச் சம்பளத்தை வைத்து வீதம் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

கொப்பியை அவரே முதலாளியிடம் கொண்டுபோனார். நாம் பேசவில்லை, பக்கத்தில் நின்றோம். முதலாளியும் வங்கிக் கடனில் மூழ்கிய சிறு மனிதர்தாம், கெட்டவரல்லர். லாச்சியைத் திறந்தார், மூடினார். மூன்று நாள் எம் இருவருடனும் பேசவில்லை. நான்காம் நாள், தம்பியின் அடையாள அட்டைப் பிரதியைக் கேட்டு வாங்கினார். அந்த மாதம் தொடக்கம் தம்பிக்குப் பணம் கட்டப்படுகிறது. பின்னே கழிந்த நான்கு ஆண்டுகளுக்கு உரியதைப் பற்றி முதலாளி வாய் திறக்கவில்லை. வடை சுடும் அக்கா ஏழு ஆண்டுகளாக அங்கே வேலை செய்கிறார். அவருக்கு இன்னும் ஒன்றுமில்லை. கொப்பியில் அவருக்கென ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். கணக்கைத் தம்பி போட்டுக்கொண்டிருக்கிறார்.